கடைசிக் குடம்

ரங்கநாதன் தெருவில் ஒரு ஜவுளிக்கடை. லிஃப்டுக்கு முன்னால் பைகளும் குழந்தைகளுமாகக் கூட்டம் முண்டிக்கொண்டு நிற்கிறது. கதவு திறந்ததும், எல்லோருக்கும் முன்னால் நிற்கும் மனிதர் உள்ளே போவதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, லிஃப்டின் தரையும் கடையின் தரையும் சேருகிற இடத்தில் கால் கட்டைவிரலை வைத்துத் தடவிப் பார்க்கிறார். "ஏறு சார், இன்னாத்த தேட்ற அங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவர் காதில் எதுவும் விழுவதில்லை. லிஃப்ட் அரை விரற்கடை இறங்கி நின்றிருக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தான் அழுத்தும் ஆளிடம், "எறக்கமா நிக்கறது பாரு, கம்பெனிக்கு போன் பண்ணச் சொல்லு" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுகிறார். அது அவருடைய கம்பெனி லிஃப்ட்கூட இல்லை. கூட வந்த மனைவி காமாக்ஷி இதற்குள் படியேறிப் போய், இரண்டாம் மாடியில் நாலு புடவைகளைப் பிரித்துப் பார்த்து முடித்திருப்பாள்.

மயிலாப்பூரில் குளத்துக்கு வடக்கே ஒரு சந்தில் குடியிருக்கும் இந்தச் சந்திரமௌலி, லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். வயது ஐம்பதைத் தொடப்போகிறது. இடுப்பில் பேஜர், சட்டைப் பையில் டெஸ்டரும் விபூதிப் பொட்டலமும். காலையில் நெற்றியில் பளிச்சென்று இருக்கும் விபூதி, சாயங்காலம் மோட்டார் ரூமின் கிரீஸோடு கலந்து வேறொரு நிறத்துக்கு வந்திருக்கும். அவருக்கு ஒரே ஒரு கொள்கைதான். "பொறப்பட்டது போய்ச் சேரணும்" என்பார். லிஃப்டைப் பற்றித்தான் சொல்ல ஆரம்பித்தார். நாளடைவில் அது பஸ், தபால், கல்யாணப் பேச்சு, பக்கத்து வீட்டுக்காரரின் இருமல் என்று எல்லாவற்றுக்கும் பொருந்திவிட்டது.

அரைகுறையாக ஒன்று கண்ணில் பட்டால் அவருக்குக் கை துறுதுறுக்கும். சொட்டும் குழாய் யார் வீட்டுக் குழாயானாலும் இறுக்கி மூடிவிட்டுத்தான் நகர்வார். மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால், எதிர் சீட்டுக்காரர் குறுக்கெழுத்துப் போட்டியில் மேலிருந்து கீழ் ஒன்றில் மாட்டிக்கொண்டு பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பார். இவர் தலைகீழாகவே படித்து, விடையைச் சொல்லி, அந்த மனிதரின் ஒரு மணி நேர சுகத்தைக் கெடுத்துவிட்டுக் கோட்டையில் இறங்கிப் போவார். யாராவது வார்த்தை கிடைக்காமல் இழுத்தால் அந்த வார்த்தையை எடுத்துக் கொடுப்பார். பாதி சமயம் அது அவர்கள் சொல்ல வந்த வார்த்தையாக இருக்காது. ஆனாலும் அவருடைய வேகத்துக்குப் பயந்து அதையே சொல்லி முடித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

இப்படிப்பட்டவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மறு அவதாரம் இருக்கிறது. காலை ஆகாரம் முடிந்ததும் சட்டைப் பையில் டெஸ்டருக்குப் பதிலாக ஒரு ஃபிளாப்பியைப் போட்டுக்கொண்டு ஆழ்வார்பேட்டைக்குக் கிளம்பிவிடுவார். அங்கே ஒரு பேக்கரிக்கு மேலே, மூன்றாவது மாடியில், இனாயத் என்பவர் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறார். வாரம் முழுக்கக் கணக்கு எழுதவும் கல்யாணப் பத்திரிகை அச்சுக் கோக்கவும் சொல்லிக்கொடுக்கும் இடம். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது. ஏ.சி. அறை என்பதால் செருப்பை வெளியில் விட வேண்டும். அன்று வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தால் உள்ளே ஏதோ விசேஷம் என்று தோன்றும். பேங்க் குமாஸ்தாவின் ஷூ, அடையாறு பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரின் தோல் செருப்பு, கல்லூரிப் பெண்களின் குதிகால் செருப்பு, ஒரு மிருதங்க வித்வானின் ஹவாய் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். கீழேயிருந்து பன் வேகும் வாசனை வேறு.

அவர்கள் ஆடுவது ஒரு வெளிநாட்டு விளையாட்டு. திரையில் காலி அறை ஒன்று. ஓரத்தில் சாமான்கள்: பந்து, பலகை, கயிறு, கப்பி, தராசு, மெழுகுவத்தி, விசிறி, வாளி, மணி. வேண்டியதை வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் ஆயிற்று. பந்து உருளும், பலகை சாயும், கயிறு இழுக்கும், கடைசியில் மணி அடிக்கும். கனமானது கீழே போவது, ரப்பர் துள்ளுவது எல்லாம் நிஜத்தில் எப்படியோ அப்படி. விளையாட்டோடு கொடுத்திருந்த புதிர்களை இவர்கள் எப்போதோ போட்டு முடித்துவிட்டார்கள். அப்புறம் இனாயத் ஒரு நாள் அதன் வயிற்றைத் திறந்து பார்த்தார். பந்துக்கு எவ்வளவு கனம், விசிறிக்கு எவ்வளவு காற்று, பூமிக்கு எவ்வளவு இழுப்பு என்பதெல்லாம் உள்ளே ஒரு கோப்பில் வெறும் எண்களாக உட்கார்ந்திருந்தன. ஒரு எண்ணை மாற்றினார். வாளி மெதுவாக எழும்பிக் கூரையில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

எண்களுக்குப் பிறகு படங்களையும் மாற்றினார்கள். பந்து தேங்காயாயிற்று. வாளி பிளாஸ்டிக் குடமாயிற்று, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று. மெழுகுவத்தியை எடுத்துவிட்டுக் கணக்கு வாத்தியார் கொசுவத்திச் சுருளை வரைந்து வைத்தார். அது எரிந்து தீர்ந்து கயிற்றை அறுப்பதற்குள் பார்க்கிறவர்கள் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். மிருதங்கக்காரர் செய்ததில் பந்துகள் விழுகிற சத்தம் ஆதி தாளத்தில் வரும், பந்து எங்கே போய் ஒழிந்தால் அவருக்கென்ன. இப்படிச் செய்கிற ஒவ்வொன்றுக்கும் அவர்களிடையே 'மெஷின்' என்று பெயர். இனாயத்தின் மச்சான் பெங்களூரில் மோடம் வைத்திருக்கிறார். அவர் வழியாக இந்தக் குடமும் கொசுவத்தியும் டெலிபோன் கம்பியில் ஏறி எங்கெங்கோ போயின. பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்திலிருந்து, பார்த்தறியாத ஒருவர் இவர்களுடைய மஞ்சள் குடத்தை வைத்து ஒரு மெஷின் செய்து திருப்பி அனுப்பினார். அன்று இனாயத் எல்லோருக்கும் பட்டர் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார்.

சந்திரமௌலி இந்தக் கூட்டத்தில் சேர்ந்தது லிஃப்டால்தான். அந்தக் கட்டடத்து லிஃப்ட் மூன்றாவது மாடிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது என்று வந்தார். சரிசெய்துவிட்டுக் கதவைத் திறந்தபோது, எதிரே கண்ணாடிக்கு அப்பால் ஒரு திரையில் தேங்காய் ஒன்று உருண்டு வந்து குடத்தின் விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது. மறுபடி உருட்டினார்கள், மறுபடி விழுந்தது. அவரால் நகர முடியவில்லை. கிரீஸ் கையோடு வாசலிலேயே நின்று, "அந்தப் பலகைய கொஞ்சம் ஏத்துங்கோ, விழுந்துடும்" என்றார். ஏற்றினார்கள், விழுந்தது. அடுத்த ஞாயிறு அவர் செருப்பும் வாசலில் கிடந்தது. ரிச்சி தெருவில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டார். காமாக்ஷி அதற்குப் பழைய பட்டுப் பாவாடையில் உறை தைத்துப் போட்டாள்.

அவருடைய மெஷின்கள் எல்லாம் கெட்டி. பந்து எத்தனை இடம் சுற்றினாலும், எத்தனை தடவை ஓட்டினாலும், மணி அடித்தே தீரும். "மௌலி சாருது கவர்மெண்ட் ஆபீஸ் ஃபைல் மாதிரி கெடையாது நைனா, பத்து டேபிள் சுத்தினாலும் கையெழுத்தோட வந்துகினு இருக்கும்" என்பார் இனாயத். கொஞ்சம் கிண்டல், நிறைய மரியாதை. மற்றவர்களும் தங்கள் மெஷின் பாதியில் நின்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர்கள் கையிலிருந்து மவுஸை வாங்கிக்கொண்டு, பத்து நிமிஷத்தில் மணியை அடிக்க வைத்துவிடுவார். அந்த மணிச் சத்தத்தில் அவர் முகம் மலர்வதைப் பார்த்தால், மவுஸைப் பிடுங்கிக்கொண்ட கோபம் யாருக்கும் நிற்காது.

இந்தக் கூட்டத்தில் அன்புச்செல்வி என்று ஒரு பெண். இருபத்தைந்து இருபத்தாறு வயதிருக்கும். பாண்டி பஜாரில் ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலை. அவள் குடும்பம் அடையாற்றங்கரையில் இருந்தது. அங்கிருந்து எழுப்பி ஊருக்கு வெளியே, பொட்டல் வெளியில், வீடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி வருவாள். கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள வந்தவள், படிப்பு முடிந்தும் வருவதை நிறுத்தவில்லை. அதிகம் பேசமாட்டாள். மற்றவர்கள் வாரம் ஒரு மெஷின் செய்து தள்ளுகிறபோது, அவள் மாதக்கணக்கில் ஒன்றையே வைத்துக்கொண்டு நகர்த்தி நகர்த்தி வைப்பாள். அவளிடம் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. இனாயத்தின் கம்ப்யூட்டர்களையோ வைரஸுக்குப் பயந்து வாராவாரம் ஒரு கோப்பு விடாமல் துடைத்துவிடுவார்கள். அவள் செய்தது எல்லாம் ஒரே ஒரு ஃபிளாப்பியில், பிளாஸ்டிக் உறை போட்டு, கைப்பையில் இருக்கும்.

அவள் செய்ததுதான் 'குடம்'. மேலே ஒரு தண்ணீர் லாரி. கீழே பலகைகளின் மேல் வரிசையாகக் குடங்கள். லாரியிலிருந்து நீலப் பந்துகள் ஒவ்வொன்றாக இறங்கும், அதுதான் தண்ணீர். முதல் குடம் நிரம்பினால் அதன் கனத்தில் பலகை சாய்ந்து அடுத்த பந்துகளை இரண்டாவது குடத்துக்கு அனுப்பும். இப்படியே ஒவ்வொரு குடமாக நிரம்பிக்கொண்டு போகும். வரிசையின் கோடியில் ஒரு பச்சைக் குடம். அதற்கென்று ஒரே ஒரு பந்துதான் மிச்சம் இருக்கும். அது உருண்டு வரும், வேகம் குறையும், குடத்தின் வாய்க்கு ஒரு நூல் முன்னால் வந்து நின்றுவிடும். நின்று லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். விழாது. அதில் மணியும் கிடையாது. பார்க்கிறவர்கள் தங்களை அறியாமல் ஒரு பக்கம் சாய்வார்கள். மேஜையைத் தட்டுவார்கள். இனாயத் ஒரு தடவை திரையைப் பார்த்து ஃபூ என்று ஊதியேவிட்டார். ஒன்றும் ஆகாது, பொறுக்க முடியாமல் யாராவது ஒருவர் நிறுத்துகிற வரைக்கும் அந்தப் பந்து நடுங்கிக்கொண்டே இருக்கும்.

அந்தக் கூட்டத்தில் 'கைமாத்து' என்று ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் ஒருவருடைய ஃபிளாப்பியை இன்னொருவர் தன் வீட்டுக்கு எடுத்துப் போவார். அதில் இருக்கும் மெஷினோடு தன் பங்குக்கு ஏதாவது ஒன்றைச் சேர்த்து, அடுத்த ஞாயிறு கொண்டுவந்து கொடுப்பார். விதி ஒன்றே ஒன்றுதான். சேர்த்ததை வேறு பெயரில் எழுதி வைக்க வேண்டும், மூலத்தை அப்படியே விட வேண்டும். கைமாத்துக்குப் போன மெஷின் நாலு கை மாறி நாலு பெயரில் வளர்ந்து திரும்பும்போது ஏற்படும் குதூகலம் சாதாரணமானதல்ல.

அந்த வாரம் அன்புச்செல்வியின் ஃபிளாப்பி சந்திரமௌலிக்கு வந்தது. வீட்டில் பட்டுப் பாவாடை உறையை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். குடத்தை ஓட்டினார். பந்து நின்றது. மறுபடி ஓட்டினார். மறுபடி நின்றது. பாவம், இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டுக் கோட்டை விட்டிருக்கிறாள் என்று அந்தப் பெண்ணிடம் ஒரு பரிவு. கடைசிப் பலகையைக் கொஞ்சம் சாய்த்தார், போதவில்லை. குடத்தை நகர்த்தினார். பந்தின் துள்ளல் எண்ணைக் கூட்டினார். முன்னால் இருந்த இரண்டு பலகைகளையும் இழுத்து விட்டார். எல்லாம் மவுஸால் நகர்த்தியதுதான், எது எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்ளவில்லை. பந்து குடத்தில் விழுந்தது. ஒரு மணியையும் கொண்டுவந்து மாட்டினார், அது அடித்தது. காமாக்ஷியைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் அதே பெயரில், மூலத்தின் மேலேயே எழுதி மூடினார்.

விதி தெரியாதவர் அல்ல. ஏதாவது சேர்த்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார். இவர் செய்தது ரிப்பேர். ரிப்பேர் ஆன லிஃப்டுக்கு யாராவது புதுப் பெயர் வைப்பார்களா? அவர் மனசில் அந்தக் கேள்வி எழவேயில்லை.

அடுத்த ஞாயிறு பெங்களூரிலிருந்து இனாயத்தின் மச்சான் மூன்று பேரை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். அங்கேயும் இதே மாதிரி ஒரு கூட்டம் இருக்கிறது. விருந்தாளிகளுக்கு முதலில் எதைக் காட்டுவது என்ற பேச்சே எழவில்லை, எல்லோரும் குடம் என்றார்கள். அன்புச்செல்வி அன்று பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். சந்திரமௌலி கொடுத்த ஃபிளாப்பியை வாங்கிப் போட்டாள். லாரி வந்தது, பந்துகள் இறங்கின, குடங்கள் வரிசையாக நிரம்பின. கடைசிப் பந்து உருண்டு வந்தது. அவளுடைய கூட்டாளிகள் வழக்கம்போல ஒரு பக்கம் சாய்ந்தார்கள். பந்து நேராகப் போய்ப் பச்சைக் குடத்தில் விழுந்தது. மணி கணீரென்று அடித்தது.

விருந்தாளிகள் கைதட்டினார்கள். வேறு யாரும் தட்டவில்லை. சந்திரமௌலி மட்டும் மலர்ந்த முகத்தோடு அன்புச்செல்வியைப் பார்த்தார். அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. மெஷினை மறுபடி ஓட்டினாள். மறுபடி மணி. அப்புறம் மெதுவாகத் திரும்பினாள்.

"இன்னா சார் இது. என் கொடத்த யாரு ரொப்பச் சொன்னது உங்கள?"

குரல் உயரவில்லை. அவர், "நின்னு போயிடுத்தேம்மா, அதான்" என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பழையது எங்கே என்று இனாயத் இடையில் புகுந்து கேட்டார். ஃபிளாப்பியில் தேடினார்கள். இல்லை. அவர் அதன் மேலேயே எழுதிவிட்டார் என்று புரிந்தது. அன்புச்செல்வி ஃபிளாப்பியை வெளியில் எடுத்தாள். கைப்பையில் வைக்கவில்லை, மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். அவள் படியில் இறங்கும் சத்தம் வெகு நேரம் கேட்டது. அன்றைக்கு லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. சந்திரமௌலியை யாரும் எதுவும் சொல்லவில்லை, அதுதான் அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. பாதியில் நின்ற மெஷினுக்கு இப்போது யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவராகப் பக்கத்தில் போனால், மவுஸைப் பிடித்திருந்த கை கொஞ்சம் இறுகியது.

பழையபடி ஆக்கிவிடலாம் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். நினைவிலிருந்து பலகைகளை இழுத்து வைத்தார். பந்து குடத்துக்கு நெடுந்தூரம் முன்னாலேயே நின்றது. சரித்தால் விழுந்தது. எண்ணைக் குறைத்தால் முதல் குடமே நிரம்பவில்லை. வாழ்நாள் முழுக்க எதையும் போய்ச் சேர வைத்த கைக்கு, சேராமல் நிறுத்தத் தெரியவில்லை. ஒரே ஒரு தடவை பந்து சரியாக விளிம்பில் வந்து நின்றுவிட்டது. அவர் எழுந்தே நின்றுவிட்டார். ஆனால் அது செத்த மாதிரி நின்றது, நடுக்கம் இல்லை. அவளுடையதில் அந்த நடுக்கம்தான் பார்க்கிறவர்களை நாற்காலி நுனிக்கு இழுத்தது. அது எந்தப் பலகையிலிருந்து வந்தது, எந்த எண்ணிலிருந்து வந்தது, அவருக்குத் தெரியவில்லை. மனிதர் உடைந்துபோனார்.

துணி மடித்துக்கொண்டிருந்த காமாக்ஷி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மடிப்பதை நிறுத்தினாள். "ஏன்னா, அந்தப் பொண்ணு ஒண்ணும் முடிக்காம விடல. முடிச்சுதான் வெச்சிருந்தா. உங்களுக்குத்தான் தெரியல" என்றாள். அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். "ஆத்துல நான் ஒரு வார்த்தைக்கு யோசிச்சா நீங்க நாலு வார்த்தை எடுத்துக் குடுத்துடறேள். பல நாள் நான் நெனச்சதை விட்டுட்டு நீங்க குடுத்ததைத்தான் சொல்லிண்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். கோபமில்லை, இத்தனை வருஷத்தில் பழகிப்போன ஒன்றைச் சொல்கிற தொனிதான்.

ஒரு நாள் மத்தியானம் பாண்டி பஜாருக்குப் போனார். மருந்துக்கடையில் ஒரே நெரிசல். பின்னாலிருந்து சீட்டுகளை நீட்டுகிறார்கள், வரிசை என்று ஒன்றும் இல்லை. அன்புச்செல்வி நிமிர்ந்து பார்த்து, "இன்னா சார் வேணும்" என்றாள், எல்லோரையும் கேட்கிற மாதிரியே. அவர், சொல்ல வந்ததை விட்டுவிட்டு, தலைவலி மாத்திரை என்று சொல்லிவிட்டார். பில் போட்டு, மாத்திரையைக் கொடுத்து, அடுத்த சீட்டை வாங்கிக்கொண்டாள். அவர் மாத்திரையை வைத்துக்கொண்டு நடைபாதையில், வளையல் கடைக்காரனுக்கு இடைஞ்சலாக, அவளுக்குச் சாப்பாட்டு நேரம் வரும்வரை நின்றார்.

டிபன் பாக்ஸோடு அவள் வெளியில் வந்தபோது, திரும்பச் செய்து பார்த்ததையும் முடியாமல் போனதையும் சொன்னார். மன்னிப்புக் கேட்டார். பெரிய மனிதர் ஒருவர் நடுத்தெருவில் அப்படிக் கேட்டது அவளைக் கொஞ்சம் சங்கடப்படுத்தியது. கடையின் பக்கவாட்டுப் படியில் உட்கார்ந்தாள். இவரும் உட்கார்ந்தார். சாயங்காலம்தான் அவர்கள் பக்கத்தில் தண்ணீர் லாரி வரும் என்றாள். அம்மா அடையாறில் நாலு வீட்டு வேலை முடித்து பஸ் பிடித்து வருவதற்குள் வரிசை நீண்டிருக்கும். பக்கத்து வீட்டார் நல்லவர்கள்தான், குடத்தை எடுத்து வைத்துவிடுவார்கள், ஆனால் ஆள் இல்லாத குடம் பின்னாலேயே தள்ளப்பட்டுப் போகும்.

"எங்கம்மா வந்து எறங்கும்போது கொழா கடேசிக் கொடத்தாண்ட நின்னுகினு இருக்கும் சார். சொட்டும். ஆனா வராது. நீங்க ரொப்பிட்டீங்க, பாக்கறவங்க கை தட்டிட்டாங்க. அங்க யாரு ரொப்பினது? அது அப்டியே நிக்கச்சொல்லதான் பாக்கறவங்களுக்கு ஒண்ணு தோணும், இன்னா தோணும்னா..."

அவள் நிறுத்தினாள். வார்த்தையைத் தேடினாள். சந்திரமௌலிக்கு வாயில் மூன்று வார்த்தைகள் தயாராக வந்து நின்றன, மூன்றும் நல்ல வார்த்தைகள். இடுப்பில் பேஜர் வேறு கத்தியது. அதை அமுக்கி அணைத்தார். வாயை இறுக மூடிக்கொண்டார். அன்புச்செல்வி கொஞ்ச நேரம் டிபன் பாக்ஸின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாக்கியத்தை முடிக்காமலேயே சாப்பிட ஆரம்பித்தாள். எதிரே பஜார் இரைந்துகொண்டிருந்தது.

எழுந்திருக்கும்போது, மறுபடி வருவாயா அம்மா என்று கேட்டார். பழைய குடத்தை இனிமேல் தானே முயன்றாலும் செய்ய முடியாது, அது போனது போனதுதான் என்றாள் அவள். வருவதைப் பற்றி, "தெரில சார்" என்றாள். அவருக்கு அதைவிட நல்ல பதில் ஒன்றை எடுத்துக் கொடுக்க ஆசைதான், கொடுக்கவில்லை.

அதன் பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தன் மெஷின் எதையும் கொண்டுவரவில்லை. மற்றவர்களுடையதைப் பார்த்தார். மிருதங்கக்காரரின் பந்துகள் தாளம் போட்டுவிட்டுத் திரையை விட்டு வெளியே விழுந்து தொலைவதை முதல் தடவையாகக் கடைசிவரை பார்த்தார், இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு. இனாயத் அதைப் பார்த்துவிட்டு அவருக்கும் ஒரு பிஸ்கட் நீட்டினார்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, செருப்புக் குவியலுக்கு ஓரமாக நனைந்த செருப்பு ஒன்றைக் கழற்றிவிட்டு அன்புச்செல்வி உள்ளே வந்தாள். யாரும் ஆரவாரம் செய்யவில்லை. கணக்கு வாத்தியார் தன் நாற்காலியை அவளுக்குத் தள்ளிவிட்டார். மருந்துக்கடைக் கம்ப்யூட்டரில், சாப்பாட்டு நேரத்தில், புதிதாக ஒன்று செய்திருக்கிறாளாம். லாரி இல்லை, குடம் இல்லை, வேறு ஏதோ. இங்கே ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். இன்னும் ஒரு ஆள் பார்த்த பிறகு காட்டுகிறேன் என்று கைப்பையிலிருந்து ஒரு புது ஃபிளாப்பியை எடுத்தாள். கைமாத்துக்குக் கொடுக்கப் போகிறாள் என்று புரிந்தது. பேங்க் குமாஸ்தா கையை நீட்டினார். அன்று முறைப்படி அவர் வாங்க வேண்டிய வாரம்தான்.

அவள் அவரைத் தாண்டி வந்து, கடைசி நாற்காலிக்கு முன்னால் நின்று, சந்திரமௌலியிடம் நீட்டினாள். "இந்தாங்க சார்" என்றாள். இனாயத் தும்மல் வருகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சந்திரமௌலி கையைப் பேண்ட்டில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். ஃபிளாப்பியின் மூலையில் ஒரு சிறு தாழ்ப்பாள் இருக்கும். அதைத் தள்ளி அடியில் உள்ள ஓட்டையைத் திறந்துவிட்டால், கம்ப்யூட்டரால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியும், ஒரு எழுத்தும் எழுத முடியாது. அந்தக் கூட்டத்தில் யாரும் அதைத் தொடுவதில்லை. தொட்டால் அடுத்தவரை நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடும். அன்புச்செல்வியும் தொட்டிருக்கவில்லை. எழுதத் தோதாகத்தான் கொடுத்திருந்தாள்.

அவர் கட்டைவிரல் நகத்தால் அந்தத் தாழ்ப்பாளைத் தள்ளினார். பிறகு ஃபிளாப்பியை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, மூலை ஓட்டை முழுக்கத் திறந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். வெளிச்சம் தெரிந்தது. சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.